68 அணிகள், ஒரே ஊர்: 2021-இல் இண்டியானாபொலிஸ் எப்படித் தேர்வானது?

கேள்வி இதுதான்: "கொரோனா பரவிக்கொண்டிருந்த நேரத்தில் அமெரிக்கா முழுவதிலுமிருந்து 68 கல்லூரிக் கூடைப்பந்து அணிகளை ஒரே ஊருக்கு வரவழைத்தது எப்படிச் சரியாகும்? பிரித்து நடத்துவதுதானே பாதுகாப்பு? ஒரே ஊர்தான் என்று முடிவு செய்திருந்தாலும், எத்தனையோ பெரிய நகரங்கள் இருக்க ஏன் இண்டியானாபொலிஸ்?"

முதல் பார்வைக்கு நியாயமாகத் தெரியும் கேள்வி. எனக்கும் 2020 நவம்பரில் அந்த அறிவிப்பைப் படித்தபோது இதே சந்தேகம் வந்தது. அப்புறம் அந்தத் திட்டத்தை ஒவ்வொரு படியாகப் பார்த்த பிறகு கருத்து மாறியது. கூட்டத்தைவிடப் பயணம்தான் பெரிய ஆபத்து என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு பெரும்பாலும் சரி. ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கும் அதுதான் காரணம்: அறையிலிருந்து பயிற்சிக் களத்துக்கு வண்டி ஏறாமல், தெருவில் இறங்காமல் நடந்தே போகக்கூடிய பெரிய ஊர்கள் அங்கே மிகவும் குறைவு.

முதலில் இந்தப் போட்டி வழக்கமாக எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மாற்றத்தின் அளவு புரியாது. என்.சி.ஏ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பு ஆண்டுதோறும் மார்ச்சில் நடத்தும் நாக்-அவுட் போட்டி இது. 'மார்ச் மேட்னஸ்' என்பார்கள். 68 அணிகள், 67 ஆட்டங்கள், தோற்றால் வீட்டுக்கு. முதல் நான்கு ஆட்டங்கள் ஒஹாயோவின் டேட்டன் நகரில். அடுத்த இரண்டு சுற்றுகள் எட்டு நகரங்களில். அதற்கடுத்த இரண்டு சுற்றுகள் நான்கு நகரங்களில். கடைசி நான்கு அணிகள் இன்னொரு நகரில். ஆக மொத்தம் 14 ஊர்கள். இறுதிவரை போகும் அணி மூன்று வாரத்தில் குறைந்தது மூன்று முறை வெவ்வேறு ஊருக்கு விமானம் ஏறி இறங்கும். விமானம், பேருந்து, புது ஓட்டல், புது சமையலறை, புது ஊழியர்கள் என்று ஒவ்வொரு முறையும் எல்லாம் மாறும்.

கல்லூரி அணியோடு வெளியூர் டோர்னமென்ட்டுக்குப் போய் வந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். களத்தில் இருக்கும் நேரம் ஒரு நாளில் இரண்டு மணி நேரம். மீதி நேரம் வேனில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பதும், அறையில் நான்கு பேர் படுத்திருப்பதும், மெஸ்ஸில் வரிசையில் நிற்பதும்தான். அம்மை வந்தாலும் காய்ச்சல் வந்தாலும் அங்கிருந்துதான் பரவும். கொரோனாவுக்கும் இது பொருந்தும். எனவே ஆட்டத்தை எங்கே வைப்பது என்பதைவிட, ஆட்டத்துக்கு இடைப்பட்ட 22 மணி நேரத்தை எங்கே வைப்பது என்பதுதான் உண்மையான கேள்வி.

இப்போது 2020-க்கு வருவோம். அந்த ஆண்டு மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அன்று இரவே என்.பி.ஏ. என்ற தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கின் வீரர் ரூடி கோபேருக்குத் தொற்று உறுதியாகி, என்.பி.ஏ. தன் சீசனை நிறுத்தியது. மறுநாள், மார்ச் 12 அன்று, என்.சி.ஏ.ஏ. ஆண்கள், பெண்கள் இரு போட்டிகளையும் ரத்து செய்தது. ஆண்கள் போட்டி 1939-இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போதுகூட நிற்காமல் நடந்த போட்டி, முதல் முறையாக நின்றது.

பண அடி பலமானது. என்.சி.ஏ.ஏ.வின் ஆண்டு வருமானம் அப்போது 100 கோடி டாலருக்குச் சற்று மேல். அதில் 80 கோடிக்கும் அதிகமாக ஆண்கள் போட்டியின் ஒளிபரப்பு, விளம்பர உரிமைகளிலிருந்து வந்தது. ரத்துக்கு எதிராக எடுத்திருந்த காப்பீட்டில் கிடைத்தது 27 கோடி. கல்லூரிகளுக்கு அந்த ஆண்டு 60 கோடி டாலர் பகிர்ந்து கொடுப்பதாக இருந்தது, அதை 22.5 கோடியாகக் குறைத்தார்கள். 2021-இலும் போட்டி நடக்காவிட்டால் பல கல்லூரிகளில் நீச்சல், மல்யுத்தம், டென்னிஸ் போன்ற பணம் வராத அணிகளைக் கலைக்க வேண்டியிருக்கும். இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: 2021-இல் போட்டியை எப்படியாவது நடத்தியாக வேண்டும் என்ற முடிவு சுகாதாரக் காரணத்தால் வந்ததில்லை, பணத்தால் வந்தது. நடத்துவது என்று ஆன பிறகு எப்படி நடத்துவது என்ற இடத்தில்தான் சுகாதாரம் வந்தது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அவர்களுக்கு முன்னால் சில முன்மாதிரிகள் இருந்தன. 2020 ஜூலையில் கொலம்பஸ் நகரில் 24 அணிகளோடு டி.பி.டி. என்ற கூடைப்பந்துப் போட்டி ஒரே இடத்தில் நடந்து முடிந்தது. ஜூலை முதல் அக்டோபர் வரை என்.பி.ஏ. 22 அணிகளை ஃபுளோரிடாவில் டிஸ்னி வளாகத்துக்குள் வைத்து சீசனை முடித்தது. பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்தும் அதே மாநிலத்தில் ஒரு பயிற்சி வளாகத்தில் அடைந்துகொண்டது. ஐஸ் ஹாக்கிக்காரர்கள் டொராண்டோ, எட்மண்டன் என்று இரண்டு ஊர்களைப் பிடித்தார்கள். மூடிய வளாகம் வேலை செய்யும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அப்படியானால் டிஸ்னியையே மறுபடி வாடகைக்கு எடுத்திருக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் கல்லூரி விளையாட்டு வேறுபடுகிறது. என்.பி.ஏ. வீரர்கள் சம்பளக்காரர்கள். அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது. மூன்று மாதம் அடைந்து கிடப்பதற்கான நிபந்தனைகளைச் சங்கம் உட்கார்ந்து பேசி ஒப்புக்கொண்டது. கல்லூரி ஆட்டக்காரர்கள் மாணவர்கள். சங்கம் கிடையாது, அன்றைக்கு விளம்பர வருமானம் பெறுவதற்குக்கூட அனுமதி கிடையாது. வகுப்பு இருக்கிறது, தேர்வு இருக்கிறது. சீசன் முழுவதும் அவர்களை அடைத்து வைக்க முடியாது. அதனால் சீசனை வழக்கம்போல நாடெங்கும் நடத்திவிட்டு, கடைசி மூன்று வாரத்துக்கு மட்டும் அணிகளை உள்ளே கொண்டுவரத் திட்டமிட்டார்கள். அதை அவர்கள் 'பபுள்' என்று சொல்லவில்லை, 'கட்டுப்படுத்தப்பட்ட சூழல்' என்றுதான் சொன்னார்கள். முழுக்க மூடிய வளையமாக அது இருக்கப்போவதில்லை என்பது அவர்களுக்கே தெரியும்.

சீசன் எப்படிப் போனது என்பதற்கு ஒரு உதாரணம் போதும். 2020 டிசம்பர் 5 அன்று நாட்டின் இரண்டு முன்னணி அணிகளான கொன்ஸாகாவும் பெய்லரும் மோத வேண்டியது. ஆட்டம் இண்டியானாபொலிஸில். தேசியத் தொலைக்காட்சியில் நேரலை. இரண்டு அணிகளும் வந்து இறங்கிவிட்டன. கொன்ஸாகா முகாமில் தொற்று உறுதியானதால், ஆட்டம் தொடங்க இரண்டு மணி நேரம்கூட இல்லாதபோது ரத்தானது. விமானத்தில் வந்து ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத் திரும்பும் முறை எவ்வளவு எளிதில் உடையும் என்பதற்கு அந்த நாள் சாட்சி. இந்த இரண்டு அணிகளையும் நினைவில் வையுங்கள், திரும்ப வருகிறேன்.

ஒரே ஊர் என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு, அதைப் பலரும் கவனிப்பதில்லை. அமெரிக்காவில் சுகாதாரக் கட்டுப்பாடு 'கவுண்டி' எனப்படும் மாவட்ட அளவிலும் முடிவாகிறது. ஒரு கவுண்டியில் அனுமதிப்பதை அடுத்த கவுண்டியில் தடுப்பார்கள். 2020 நவம்பர் கடைசியில் கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா கவுண்டி, உடலுரசி ஆடும் விளையாட்டுகளைப் பயிற்சியோடு சேர்த்துத் தடை செய்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் அந்தக் கவுண்டிக்குள் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பெண்கள் அணி பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பி, இரண்டு மாதத்துக்கும் மேலாக ஓட்டல் ஓட்டலாக வாழ்ந்து சீசனை ஆடியது. இப்போது யோசியுங்கள்: 14 ஊர்களில் போட்டி வைத்தால் 14 சுகாதாரத் துறைகள், 14 விதிகள், யாருக்குத் தொற்று வந்தால் எத்தனை பேரைத் தனிமைப்படுத்துவது என்பதற்கு 14 விளக்கங்கள். நான்கு ஊர்களாகக் குறைத்தாலும் நான்கு விதிகள். ஒரு அணி ஓர் ஊரில் ஆட அனுமதி பெறும், அதே நிலையில் உள்ள வேறொரு அணி இன்னொரு ஊரில் வெளியேறும். நாக்-அவுட் போட்டியில் அது பெரிய அநியாயம். ஒரே ஊர் என்றால் ஒரே அதிகாரி, ஒரே ஆய்வகம், ஒரே அளவுகோல்.

நமக்குப் பழக்கமான உதாரணமும் இருக்கிறது. 2020-இல் ஐ.பி.எல். துபாய், அபுதாபி, ஷார்ஜா என்று பேருந்தில் போகும் தூரத்திலிருந்த மூன்று மைதானங்களில் நடந்து முடிந்தது. 2021 ஏப்ரலில் இந்தியாவிலேயே ஆறு ஊர்களில் என்று மாற்றினார்கள். சென்னை, மும்பை ஆட்டங்கள் வரை ஓடியது. அணிகள் அகமதாபாத்துக்கும் டெல்லிக்கும் விமானத்தில் போன பிறகு முகாம்களுக்குள் தொற்று வந்தது. 29 ஆட்டங்களோடு மே 4 அன்று நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு லீக் ஆட்டங்கள் அனைத்தையும் மும்பை, நவி மும்பை, புனேவுக்குள் அடக்கிவிட்டார்கள். நாட்டில் அப்போது இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் பயணத்தின் பங்கை யாரும் மறுக்க முடியாது.

சரி, ஏன் இண்டியானாபொலிஸ்?

எளிய காரணம்: 2021-இன் கடைசி நான்கு அணிகளுக்கான ஆட்டங்கள் ஏப்ரல் 3, 5 தேதிகளில் அங்கேதான் நடப்பதாகப் பல ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகியிருந்தது. லூகாஸ் ஆயில் ஸ்டேடியம் பதிவாகிவிட்டது, ஓட்டல் அறைகளுக்கு ஒப்பந்தம் போட்டாயிற்று. என்.சி.ஏ.ஏ.வின் தலைமையகமும் 1999 முதல் அதே ஊரில்தான். இருப்பதை மூன்று வாரம் முன்னோக்கி நீட்டினால் போதும். 2020 நவம்பர் 16 அன்று பேச்சு நடப்பதாக அறிவித்தார்கள், 2021 ஜனவரி 4 அன்று உறுதி செய்தார்கள். மற்ற 13 ஊர்களுக்கும் வாய்ப்பு பறிபோனது. மெம்ஃபிஸ், டென்வர், புரூக்ளின், மினியாபொலிஸ் போன்ற இடங்கள் அதில் அடக்கம்.

ஆனால் இறுதி ஆட்டங்கள் ஏற்கெனவே அங்கே இருந்தது மட்டும் போதுமான காரணமாக இருந்திருக்காது. ஊரின் அமைப்பு இடம் கொடுக்காவிட்டால் எத்தனை ஒப்பந்தம் இருந்தும் பயனில்லை. இங்கேதான் கதை நாற்பது ஆண்டுகள் பின்னால் போகிறது.

1970-களில் இண்டியானா மாநிலத் தலைநகரான இண்டியானாபொலிஸுக்குப் பெயர் இல்லை. கார் பந்தயத்துக்கு ஆண்டில் ஒரு நாள் கூட்டம் வரும், மற்ற நாளெல்லாம் மாலையில் நகர மையம் வெறிச்சோடிக் கிடக்கும். அப்போது நகரத் தலைவர்கள் ஒரு வழி பிடித்தார்கள்: விளையாட்டை வைத்து ஊரை எழுப்புவது. 1979-இல் இண்டியானா ஸ்போர்ட்ஸ் கார்ப் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். போட்டிகளை ஊருக்குக் கொண்டுவருவது மட்டுமே அதன் வேலை. அமெரிக்காவில் அந்த மாதிரி அமைப்பு அதுதான் முதல். சொந்தமாகத் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து அணி இல்லாதபோதே கூரை வேய்ந்த ஒரு பெரிய ஸ்டேடியம் கட்டத் தொடங்கினார்கள். 1984-இல் பால்டிமோரிலிருந்து கோல்ட்ஸ் அணி இரவோடு இரவாக லாரிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தது. 1987-இல் பான் அமெரிக்கன் விளையாட்டுகள், 2012-இல் அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் என்று வரிசையாக வந்தன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விவரம், அந்தப் பழைய ஸ்டேடியத்தை அவர்கள் கட்டிய இடம். ஊருக்கு வெளியே பெரிய கார் நிறுத்தத்துக்கு நடுவில் கட்டுவதுதான் அன்றைய அமெரிக்க வழக்கம். இவர்கள் நகர மையத்தில், மாநாட்டு மண்டபத்தோடு ஒட்டிக் கட்டினார்கள். ஓட்டல்களை மண்டபத்தோடு மேல்நடைபாலங்களால் இணைத்தார்கள். இண்டியானாவின் குளிர்காலத்தில் விருந்தினர் கோட்டு போடாமல் நடக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். 2008-இல் புது லூகாஸ் ஆயில் ஸ்டேடியம் பக்கத்திலேயே எழுந்தது. பழையதை இடித்து, அந்த இடத்தில் மாநாட்டு மண்டபத்தை விரித்தார்கள். புது ஸ்டேடியத்துக்கு மண்டபத்திலிருந்து தரைக்கடியில் ஒரு வழி. 2011-இல் 34 மாடி ஜே.டபிள்யூ. மாரியட் வந்து, அதுவும் பாலத்தால் இணைந்தது.

பனிக்காகப் போட்ட பாலங்கள் பெருந்தொற்றுக்கு உதவின. 2021-இல் அணிகளை மாரியட், வெஸ்டின், ஹயாத் போன்ற இணைந்த ஓட்டல்களில் தங்க வைத்தார்கள். ஒரு அணிக்கு ஒரு தளம், ஆளுக்கு ஓர் அறை. மாநாட்டு மண்டபத்துக்குள் வரிசையாகப் பயிற்சிக் களங்களும் எடைப் பயிற்சிக் கூடங்களும் அமைத்தார்கள். ஆட்டக்காரர் அறையிலிருந்து கிளம்பி, பாலம் கடந்து, பயிற்சி முடித்து, பரிசோதனைக்குச் சளி கொடுத்து, திரும்பி அறைக்கு வரும்வரை பொது மக்கள் ஒருவரைக்கூடக் கடக்க வேண்டியதில்லை. வெளிக்காற்றுக்கும் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. விக்டரி ஃபீல்டு என்ற சிறிய பேஸ்பால் மைதானத்தில் அணிகளை முறை வைத்துப் புல்தரையில் நடக்கவும் பந்து எறிந்து விளையாடவும் விட்டார்கள். பத்து நாள் ஓட்டல் அறையில் கிடக்கும் இருபது வயதுப் பையனுக்கு அந்தப் புல்தரை எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

களங்களுக்கும் பஞ்சமில்லை. கூடைப்பந்து அந்த மாநிலத்துக்கு உயிர். உயர்நிலைப்பள்ளி ஆட்டத்துக்கே ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும் ஊர்கள் அங்கே உண்டு. லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்துக்குள் நடுவில் திரை தொங்கவிட்டு இரண்டு களங்கள் போட்டார்கள். ஒன்றில் ஆட்டம் முடிந்தால் அடுத்த ஆட்டம் மற்றதில், இடையில் சுத்தம் செய்ய நேரம் கிடைக்கும். என்.பி.ஏ. அணியான பேசர்ஸின் அரங்கு, பட்லர் பல்கலைக்கழகத்தில் 1928-இல் திறந்த ஹிங்கிள் ஃபீல்டுஹவுஸ், கண்காட்சித் திடலில் உள்ள கொலிசியம் ஆகியவை ஊருக்குள். இவற்றோடு பர்டூ பல்கலைக்கழகத்தின் மேக்கி அரங்கும் புளூமிங்டனின் அசெம்ப்ளி ஹாலும். கடைசி இரண்டும் ஊருக்கு வெளியே, பேருந்தில் ஒரு மணி நேரம் போல. 'ஒரே ஊர்' என்று சொன்னாலும், கறாராகப் பார்த்தால் ஒரே மாநிலத்தில் மூன்று ஊர்கள். ஆனால் எல்லோரும் தூங்கியது ஒரே இடத்தில். அதுதான் முக்கியம்.

ஒத்திகையும் நடந்தது. சிகாகோவில் நடக்கவிருந்த பிக் டென் என்ற பல்கலைக்கழகப் பிரிவின் போட்டியை மார்ச் இரண்டாம் வாரத்தில் லூகாஸ் ஆயிலுக்கு மாற்றினார்கள். பிக் டென்னின் எல்லா அணிகளும் அதே ஊரில், அதே வாரத்தில், அதே பரிசோதனை முறையில் ஆடின.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு அணியோடு 34 பேர்தான் வரலாம். வருவதற்கு முன் தொடர்ந்து ஏழு நாள் தொற்றில்லை என்ற முடிவு வேண்டும். வந்த பிறகு அறையிலேயே இருந்து இரண்டு பரிசோதனைகள் முடிந்தால்தான் பயிற்சிக்கு வெளியே வரலாம். அப்புறம் தினமும் பரிசோதனை. யார் யாரோடு எவ்வளவு நேரம் அருகில் இருந்தார்கள் என்று பதிவு செய்யும் சிறு கருவியை எல்லோரும் அணிய வேண்டும். ஐந்து பேர் ஆடத் தகுதியாக இருந்தால் அணி ஆடலாம். அணிகளின் பட்டியல் மார்ச் 14 ஞாயிறு வெளியானது. செவ்வாய் மாலை வரை மாற்று அணி உள்ளே வரலாம், அதற்காக நான்கு அணிகளைத் தயாராக வைத்திருந்தார்கள். அதன் பிறகு ஒரு அணியால் ஆட முடியாவிட்டால், எதிரணி ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும். எல்லா அணிகளும் ஒரே ஊரில் என்பதால் பட்டியல் போடும்போது 'எந்த அணியை அதன் ஊருக்கு அருகில் வைப்பது' என்ற வழக்கமான கணக்கும் தேவைப்படவில்லை. தரவரிசைப்படி நேராகப் பிரித்துவிட்டார்கள். அது எனக்கு நல்ல மாற்றமாகப் பட்டது.

இந்த விதிகள் இரண்டு அணிகளின் கதையில் எப்படிச் செயல்பட்டன என்று பாருங்கள். 2019-இல் கோப்பை வென்ற விர்ஜினியா, 2020 ரத்தானதால் இரண்டு ஆண்டு நடப்புச் சாம்பியனாகவே இருந்தது. அதன் பிரிவுப் போட்டியின் நடுவே ஒருவருக்குத் தொற்று வந்து, அணி ஊரிலேயே தனிமையில் கிடந்தது. பயிற்சியும் கிடையாது. தன் ஆட்டத்துக்கு முந்தைய நாள் வெள்ளிக்கிழமைதான் இண்டியானாபொலிஸ் வந்தது. சனிக்கிழமை ஒஹாயோ பல்கலைக்கழகத்திடம் 62-58 என்று தோற்றது.

இன்னொன்று வி.சி.யு. எனப்படும் விர்ஜினியா காமன்வெல்த் பல்கலைக்கழகம். அதே சனிக்கிழமை, மார்ச் 20 அன்று ஆரிகனோடு ஆட வேண்டும். எல்லாக் கட்டங்களையும் தாண்டி உள்ளே வந்த அணி. ஆனால் உள்ளே வந்த பிறகு ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்குத் தொற்று தெரிந்தது. ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பு, ஆட்டம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஆரிகன் ஆடாமல் முன்னேறியது. பல கல்லூரிப் பையன்களுக்கு அந்த மேடை வாழ்நாளில் ஒரே முறைதான் கிடைக்கும். ஐந்து பேர் ஆரோக்கியமாக இருந்தால் ஆடலாம் என்ற விதி இருந்தும், தொற்று அணிக்குள் பரவிக்கொண்டிருக்கலாம் என்று சுகாதாரத் துறை கருதியதால் அவர்களை விடவில்லை. எனக்கு அந்தச் செய்தியைப் படித்தபோது வலித்தது. இன்றும் அந்த முடிவு சரி என்றுதான் நினைக்கிறேன். 67 ஆட்டங்களில் நடக்காமல் போனது அந்த ஒன்று மட்டுமே.

நடுவர்கள் விஷயத்தில் ஒரு ஓட்டை தெரிந்தது. ஆட்டங்கள் தொடங்கும் முன்பே ஆறு நடுவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஊருக்கு வந்தபோது ஓட்டல் அறைகள் தயாராக இல்லாததால், சிலர் சேர்ந்து வெளியே சாப்பிடப் போயிருக்கிறார்கள். ஒருவருக்குத் தொற்று இருந்தது. அறைச்சாவி சரியான நேரத்தில் கொடுக்காததுதான் காரணம். ஏற்பாட்டாளர்கள் இதைப் பாடமாக வைத்துக்கொள்ளலாம்: கட்டுப்பாடு உடையும் இடம் பெரும்பாலும் இப்படிப்பட்ட காத்திருப்பு நேரம்தான்.

எனக்கு உடன்பாடில்லாத முடிவு ஒன்று உண்டு, ரசிகர்களை உள்ளே விட்டது. அரங்கின் கொள்ளளவில் 25 சதவீதம் வரை அனுமதித்தார்கள். ஆட்டக்காரர்களை அத்தனை பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டு, நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் ஆயிரக்கணக்கானவர்களை அதே நகர மையத்துக்கு வரவழைத்தார்கள். அரங்குக்குள் முகக்கவசமும் இடைவெளியும் இருந்திருக்கும். ஆட்டம் முடிந்து அவர்கள் போகும் மதுக்கூடங்களிலும் உணவகங்களிலும் யார் பார்ப்பது? போட்டி காண வந்து திரும்பிய ஒரு இளம் ரசிகர் கொரோனா பாதிப்பால் இறந்தார். அவருக்கு எங்கே தொற்றியது என்பது நிரூபணமாகவில்லை, அதை இந்தப் போட்டியின் தலையில் கட்டுவது நியாயமாகாது. ஆனால் தடுப்பூசி இளைஞர்களை எட்டாத மார்ச் மாதத்தில், தொலைக்காட்சியில் பார்த்திருக்கக்கூடிய ஆட்டத்துக்கு மக்களை வரவழைத்தது தேவையில்லாத துணிச்சல். ஒரே ஊர் என்ற யோசனையின் தர்க்கத்துக்கே அது எதிரானது.

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. பெண்கள் போட்டியும் அதே ஆண்டு அதே முறையில் ஒரே ஊரில், டெக்சஸின் சான் அன்டோனியோவில் நடந்தது. தேர்வுக்குக் காரணமும் அதேதான்: இறுதி ஆட்டங்கள் ஏற்கெனவே அங்கே ஒதுக்கப்பட்டிருந்தன, ஆலமோடோமும் மாநாட்டு மண்டபமும் ஓட்டல்களும் அருகருகே இருந்தன. 64 அணிகள் வந்தன.

மார்ச் 18 அன்று ஆரிகன் அணி ஆட்டக்காரர் செடோனா பிரின்ஸ் டிக்டாக்கில் ஒரு காணொளி போட்டார். ஆண்களுக்கு இண்டியானாபொலிஸில் ஒரு கூடம் நிறைய எடைப் பயிற்சிக் கருவிகள். பெண்களுக்குச் சான் அன்டோனியோவில் ஒரே ஒரு சிறிய அடுக்கில் சில டம்பெல்கள். இடம் போதவில்லை என்று முதலில் சொன்ன காரணத்தையும் அவர் விடவில்லை, காலியாகக் கிடந்த பெரிய கூடத்தைக் கேமராவில் சுற்றிக் காட்டினார். லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். சில நாளில் கருவிகள் வந்து இறங்கின. அதன் பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஆண்களுக்குத் தினமும் துல்லியமான பி.சி.ஆர். பரிசோதனை, பெண்களுக்குத் தினமும் செய்தது அதைவிடத் துல்லியம் குறைந்த ஆன்டிஜென் பரிசோதனை. சாப்பாட்டில் வேறுபாடு, பரிசுப் பையில் வேறுபாடு. 'மார்ச் மேட்னஸ்' என்ற பெயரே அதுவரை ஆண்கள் போட்டிக்கு மட்டும்தான்.

இந்த வேறுபாடுகள் எதுவும் அந்த ஆண்டு புதிதாகப் பிறந்தவை இல்லை. பல ஊர்களில் சிதறிக் கிடந்தவரை யாராலும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியவில்லை. எல்லா ஆண்களும் ஒரு கட்டடத்தில், எல்லாப் பெண்களும் இன்னொரு கட்டடத்தில் என்று ஆனதும் ஒரு கைப்பேசி போதுமானதாக இருந்தது. பரிசோதனை விஷயம்தான் என்னை மிகவும் கோபப்படுத்தியது. எடைக் கருவியை மறந்துவிட்டோம் என்று சொல்லலாம். பெருந்தொற்றுக்காகவே போட்டியை ஒரே ஊருக்கு மாற்றிவிட்டு, எந்தப் பரிசோதனை யாருக்கு என்பதில் ஆண், பெண் பார்த்ததை எப்படி மறதி என்று சொல்வது?

ஆண்கள் பக்கத்திலும் குரல் எழுந்தது. போட்டி தொடங்கும் வாரத்தில் ரட்கர்ஸ், மிச்சிகன், அயோவா அணிகளின் மூத்த ஆட்டக்காரர்கள் சிலர், 'நாங்கள் என்.சி.ஏ.ஏ.வின் சொத்து இல்லை' என்ற பொருளில் ஒரு ஹேஷ்டேகைக் கிளப்பினார்கள். நாட்டின் ஊடகம் முழுவதும் ஒரே ஊரில் இருந்ததால் அதற்கும் நல்ல கவனம் கிடைத்தது. அந்த ஆண்டு ஜூலை 1 முதல் மாணவ ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க அனுமதி வந்தது. இந்தக் குரல் மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன், மாநிலச் சட்டங்களும் நீதிமன்ற வழக்குகளும் ஏற்கெனவே நெருக்கிக்கொண்டிருந்தன.

டிசம்பரில் ஆட முடியாமல் போன அந்த இரண்டு அணிகளுக்கு இப்போது வருகிறேன். ஏப்ரல் 3 அரையிறுதியில் கொன்ஸாகா, யு.சி.எல்.ஏ.வைக் கூடுதல் நேரத்தில் ஜேலன் சக்ஸ் ஏறக்குறைய அரைக்களத்திலிருந்து எறிந்த கடைசி நொடிப் பந்தால் 93-90 என்று வென்றது. ஏப்ரல் 5 இறுதியில் எதிரே நின்றது பெய்லர். நான்கு மாதத்துக்கு முன் அதே ஊரில் நடக்காமல் போன ஆட்டம், கோப்பைக்கான ஆட்டமாக நடந்தது. அதுவரை ஒரு ஆட்டம்கூடத் தோற்காத கொன்ஸாகாவைப் பெய்லர் 86-70 என்று வீழ்த்தியது. அதற்கு முந்தைய நாள் சான் அன்டோனியோவில் பெண்கள் கோப்பையை ஒரே புள்ளி வித்தியாசத்தில், 54-53 என்று அரிஸோனாவிடமிருந்து வென்றது ஸ்டான்ஃபோர்டு. தன் ஊரில் பயிற்சி செய்ய அனுமதியில்லாமல் ஓட்டல்களில் வாழ்ந்த அதே அணி.

'இவ்வளவு நன்றாக நடந்ததே, இனி எப்போதும் ஒரே ஊரில் வைக்கலாமே' என்றும் சிலர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பது என் கருத்து. நாடெங்கும் உள்ள சின்ன ஊர்களுக்கு இந்தப் போட்டி ஆண்டில் ஒரு வாரம் போய் நிற்பதால்தான் அதற்கு இத்தனை சொந்தக்காரர்கள். டேட்டன் மக்கள் தங்களுக்கு முன்பின் தெரியாத கல்லூரிகளின் ஆட்டத்துக்கு அரங்கை நிரப்புகிறவர்கள். 2022-இல் போட்டி திரும்பவும் பல ஊர்களுக்குப் பிரிந்தது, முதல் நான்கு ஆட்டங்கள் டேட்டனுக்கே போயின. அதே ஆண்டு பெண்கள் போட்டியிலும் 68 அணிகள் ஆடின, முதல் முறையாக மார்ச் மேட்னஸ் என்ற பெயரோடு.